நடந்து போன அடையாளம்

செயற்கைக்கோளின் தயவு இல்லாமல் ஒரு குட்டி விமானம் பறந்து போய்த் திரும்பி வர வேண்டும். அன்றைய பரீட்சை அவ்வளவுதான். வந்துவிட்டால் கம்பெனி கோவில்பட்டியிலேயே ஓர் அலுவலகம் திறக்கும். வராவிட்டால் அதை உருவாக்கிய உள்ளூர்ப் பொறியாளர் கிருஷ்ணப்ரியா பெட்டியைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போக வேண்டும். அவளுக்குப் பெங்களூர் என்றாலே வேப்பங்காய்.

விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கும் கருவி, எவ்வளவு வேகம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்று தானே கணக்குப் போட்டு இடத்தைச் சொல்லும். கெட்டிக்காரக் கருவிதான், ஆனால் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகும். அதைத் திருத்தத்தான் கேமரா. தரையில் முன்கூட்டியே குறித்து வைத்த அடையாளம் ஒன்றைப் பார்த்ததும், 'அடடா, நாம் இங்கேயல்லவா இருக்கிறோம்' என்று விமானம் சரிசெய்துகொள்ளும்.

அடையாளங்களைக் குறித்தவன் ரிஜோ. கூட வேலை பார்ப்பவன், மணப்பாட்டுக்காரன். கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கரிசல் காடு முழுக்க ஒரே கறுப்பு. பசுவந்தனைக் கோயில் கோபுரம், கண்மாய்க் கரை இரண்டையும் குறித்துவிட்டு மூன்றாவதுக்குத் திண்டாடினான். முந்தாநாள் எடுத்த படத்தில், கறுப்பு மண்ணில் பளிச்சென்று ஒரு வெள்ளை வட்டம்! புதையல் கிடைத்த மாதிரி குதித்தான். வேலை அவசரத்தில் கிருஷ்ணப்ரியாவும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

காலையில் விமானம் கிளம்பியது. பெங்களூரிலிருந்து வந்திருந்த மேலதிகாரி ரேணுகாதேவி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோபுரம் சரியாக வந்தது. வெள்ளை வட்டத்தைக் கண்டதும் விமானம் சடாரென்று ஒடித்து வழியை விட்டு ஓட்டப்பிடாரம் பக்கம் போனது.

கிருஷ்ணப்ரியா படத்தைப் பெரிதாக்கினாள். வட்டத்துக்கு நடுவே அவளுடைய அப்பா தங்கச்சாமி துண்டை உதறிக்கொண்டு நின்றார்.

"ஏலே ரிஜோ, இது எங்க ஆட்டுக் கிடைலே! நெலத்துக்கு உரமாகட்டும்னு ராத்திரி ஒரு காட்டுல அடைப்பாவ, மறுநா அடுத்த காட்டுக்கு மாத்திருவாவ. முந்தாநா இருந்த எடத்துல இன்னைக்கு இருக்குமா? இதையா குறிச்ச?"

"சுத்தி வலை கட்டி வட்டமா இருந்துச்சு. ஏதோ கட்டடம்னு நெனச்சேன்ட்டி."

கையோடு அந்த அடையாளத்தைக் கணக்கிலிருந்து தூக்கினாள். விமானம் தன் சொந்தக் கணக்கை நம்பித் தடுமாறி வந்தது. கண்மாய்க் கரை கண்ணில் பட்டதும் புத்தி தெளிந்து, ஒழுங்காக வந்து இறங்கியது. ஆனால் வழிதவறியதை எல்லோரும் பார்த்துவிட்டார்களே!

"காத்து ஜாஸ்தி மேடம்…" ரிஜோ இழுத்தான்.

கிருஷ்ணப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல மேடம். நாங்க நம்புன அடையாளம் எந்திச்சு நடந்து போயிட்டு." விவரம் முழுவதையும் சொல்லி முடித்தாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. பெங்களூர் உறுதி.

ரேணுகாதேவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இப்ப பொய் அடையாளத்தை நீங்க ஒதுக்கினீங்க. விமானமே கண்டுபிடிச்சு ஒதுக்குமா?"

"பழக்கலாம் மேடம். ஆனா அதை நெறைய தடவை ஏமாத்திப் பாக்கணும்."

"அப்போ அலுவலகம் இங்கேயேதான். பெங்களூர்ல உங்களுக்கு யாரு தினம் ஒரு வயல்ல ஆட்டை மாத்தி அடைப்பாங்க?"

சந்தோஷம் தாங்காமல் கிருஷ்ணப்ரியா ரிஜோவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.