கண்டல் காட்டில் கொட்டாப்புளிச் சத்தம்

துமாக்கோ கரையோரத்தில், சேற்றில் வளரும் கண்டல் மரத்தின் பட்டையை உரிக்கிறவர்களில் எவரிஸ்தோவின் கைக்கு ஈடு கிடையாது என்பார்கள். கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் மரத்தைச் சுற்றித் தட்டுவான், பட்டை இளகிக் கொடுக்கும், பிறகு சட்டையைக் கழற்றுவதுபோல ஒரே இழுப்பில் உருவிவிடுவான். தோல் பதனிடும் ஆலைக்காரன் படகு வந்து கட்டுக் கட்டாக ஏற்றிக்கொண்டு போகும். உரித்த மரம் வெளுத்து, நின்றபடியே சாகும். அந்த வேலையில் அவன் உள்ளங்கை எப்போதும் செக்கச் சிவந்திருக்கும், எந்த சோப்புக்கும் போகாது.

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் அவன் தோணி மட்டும் திரும்பி வந்தது. பாதி ஏற்றிய பட்டையோடு ஓடை வாயில் சுற்றிக்கொண்டிருந்ததை மீன்காரர்கள் இழுத்து வந்தார்கள். ஊரே தேடியது. கிடைக்கவில்லை. ஒன்பது இரவு ஜெபத்துக்குப் பீடம் கட்ட வந்த பெண்களை அவன் மனைவி ஒத்திலியா வாசலிலேயே மறித்தாள்.

"உடம்பு இல்லாம யாருக்கு அழுவீங்க? போங்க."

போய்விட்டார்கள். மழை விட்டதும் ஒத்திலியா பழையபடி கருமட்டிச் சிப்பி பொறுக்கப் போனாள். கடல் தண்ணீர் வடிகிற வற்றம் பார்த்துப் பெண்கள் ஒரே தோணியில் போய், கொசுவுக்குத் தேங்காய் மட்டை புகையவிட்டு, ஆளுக்கொரு பக்கமாகக் கண்டல் வேர்களுக்குள் நுழைவார்கள். முழங்கை வரை சேற்றில் விட்டு வேரடியில் துழாவினால் மட்டி அகப்படும். யாரும் வழி தவறிவிடக் கூடாதென்று ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு நாள் நடுப்பகலில் ஒத்திலியாவுக்குக் கேட்டது வேறு சத்தம். டொக், டொக், டொக். கொஞ்சம் நிற்கும். மறுபடி டொக், டொக், டொக். அந்த இடைவெளியில் எவரிஸ்தோ புகையிலை துப்புவான். அவளுக்குத் தெரியாத சத்தமா?

சத்தம் வந்த பக்கம் போனாள். உரித்த மரங்கள் எலும்பாக நிற்கும் இடம். அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். தோள்பட்டையில் அவள் ஒட்டுப்போட்டுத் தைத்த அதே சட்டை.

"வந்துட்டியா?" திரும்பாமலே கேட்டான். "பசியா இருப்ப. தின்னு."

பக்கத்து வேரில் இலை விரித்து நண்டு இருந்தது, சூடாக. அவள் அவன் கால்களைப் பார்த்தாள். ஒன்று மனிதக் கால், ஐந்து விரலும் சேற்றில் பதிந்திருந்தது. இன்னொன்று கொக்கோ கடைகிற மத்து.

துந்தா. காட்டுக்குள் பிரியமானவர்களின் உருவத்தில் வந்து கூப்பிட்டு, தன் வயிற்றுக் காற்றில் வேகவைத்த நண்டையும் இறாலையும் ஊட்டி மயக்கி வைத்துக்கொள்ளும் துந்தா. அந்தக் கரையில் அதைத் தெரியாத பிள்ளைகூடக் கிடையாது. எந்த உருவம் எடுத்தாலும் அந்த ஒரு காலை மட்டும் அதனால் மறைக்க முடியாது.

ஒத்திலியா உட்கார்ந்து நண்டைத் தின்றாள்.

அதற்குப் பிறகு எல்லா வற்றத்துக்கும் போனாள். கூடை காலியாகவே திரும்பியது. வீட்டில் வைத்த சோறு வைத்தபடி கிடந்தது. வாயெல்லாம் புண். அவளோடு தோணியில் வரும் பெர்ப்பேத்துவா, ஒத்திலியாவின் ஞானத்தாய் சத்தூரியாவிடம் போய்ச் சொன்னாள். சத்தூரியாவின் வாய்க்கு ஊரில் பாதிரியாரே பயப்படுவார். தூண்கள்மேல் நின்ற அந்த வீட்டுக்குக் கோழிக்குழம்புச் சட்டியோடு ஏணி ஏறி வந்து ஞானமகளின் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

ஒரு வாய் தின்றுவிட்டு ஒத்திலியா சட்டியைத் தள்ளினாள். "உப்பு இல்ல."

"குசுவுல வேக வச்ச நண்டத் தின்ன வாய்க்கு என் குழம்புல உப்பு இல்லையாம்." சத்தூரியா அவள் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தாள். "என்னைக்கிலேருந்துடி?"

ஒத்திலியா தாடையை விடுவித்துக்கொண்டாள்.

"அது எவரிஸ்தோ இல்ல, மவளே."

"தெரியும், ஞானம்மா."

"தெரிஞ்சா போற?"

"குரல் அவனோடது."

சத்தூரியாவுக்கு ஏச்சு வராமல் போனது அன்று ஒரு தடவைதான். சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் ஒத்திலியா தனியாகவே ஒரு சிறு தோணியைத் தள்ளிக்கொண்டு போனாள். அவன் அதே இடத்தில் தட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு இங்கயே இரு," என்றான். "ஏத்தம் வந்தா வரட்டும்."

"இருக்கேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. உன் உடம்பு எங்க கிடக்கு?"

கொட்டாப்புளி நின்றது. சேற்றில் படபடவென்று கொடுக்கைச் சொடுக்கிக்கொண்டிருந்த இறால்களின் சத்தமும் நின்றது. பிறகு வந்த குரலில் எவரிஸ்தோ பாதிதான் இருந்தான்.

"நாரை ஓடை மடங்குற இடத்துல. பட்டைக் கட்டுக்கு அடியில."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"நீ கேட்டத சொல்லிட்டேன். நீ எனக்கு என்ன தருவ?"

"என்கிட்ட என்ன இருக்கு? வேணும்கிறத எடுத்துக்க."

தண்ணீர் ஏறத் தொடங்கியது. முழங்கால், தொடை, இடுப்பு. அவளுக்குக் குளிரவில்லை, பயமும் இல்லை, தூக்கம்தான் வந்தது. அப்போதுதான் தூரத்தில் மேளம் கேட்டது. அவளைத் தேடித் தோணி தோணியாக ஊரே வந்துகொண்டிருந்தது. துந்தாவை விரட்ட ஜெபம் ஒரு பக்கம், ஏச்சு ஒரு பக்கம். எல்லாவற்றுக்கும் மேலே சத்தூரியாவின் தொண்டை.

"ஏய் மத்துக்காலி, வெளிய வாடி! அந்தக் கால ஒடிச்சு உன் வாயிலயே கொக்கோ கடையிறேன். என் ஞானமகள விடுடி, நாத்தம் புடிச்ச முண்ட!"

துந்தா பிடித்தவர்களை ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ வந்தால்தான் மீட்க முடியும். சத்தூரியா தோணியிலிருந்து அப்படியே குதித்தாள். மார்பளவு தண்ணீரில் வேர்களைத் தாண்டி வந்து, ஒத்திலியாவின் கூந்தலைக் கையில் சுற்றி, ஞானஸ்நானத்தில் வைத்த முழுப் பெயரையும் காதுக்குள் கத்தினாள். ஒத்திலியா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பட்டை உரித்த மரம் ஒன்று வெள்ளையாக நின்றது. வேறு யாரும் இல்லை.

வீட்டில் கிடத்தி, கண்டல் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த சிவந்த தண்ணீரால் வாய்ப்புண்ணைக் கழுவினார்கள். பேச்சு வந்ததும் அவள் முதலில் சொன்னது நாரை ஓடையைத்தான்.

"அது வாயில உண்மை வராது," என்றாள் சத்தூரியா.

"போய்ப் பாருங்க."

போனார்கள். ஓடை மடங்கும் இடத்தில், சரிந்து விழுந்த பட்டைக் கட்டுக்கு அடியில், வேர்களுக்கு நடுவே அவன் கிடந்தான். ஒரு மழைக்காலம் முழுக்கப் பட்டைச் சாற்றிலேயே ஊறியதில் உடம்பு அழியாமல், பதனிட்ட தோலாகச் சிவந்து இறுகிப்போயிருந்தது. முகம் அடையாளம் தெரிந்தது. தூக்கி வந்த ஆண்கள் யாரும் அன்று சாப்பிடவில்லை.

பீடம் கட்டினார்கள். ஒன்பது இரவும் பெண்கள் பாடினார்கள், சாராயமும் காப்பியும் சுற்றி வந்தது. கடைசி இரவு மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பீடத்தைக் கலைக்கும்போது ஒத்திலியா முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். அதற்குப் பிறகு தேறினாள். தேங்காய்ப்பாலில் வெந்த மட்டியைத் தட்டு நிறையத் தின்றாள்.

சத்தூரியாதான் நிம்மதியில்லாமல் இருந்தாள். "அது எதையும் சும்மா குடுக்காது. என்னடி குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கல, ஞானம்மா."

பிறகு ஒரு வற்றத்தில் பழையபடி பெண்களோடு தோணி ஏறினாள். சிரித்துப் பேசிக்கொண்டே போனார்கள். காட்டு ஓரத்தில் தோணியைக் கட்டும்போது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"பெர்ப்பேத்துவா, இங்க வாயேன். மட்டி கொட்டிக் கிடக்கு."

"இரு, வரேன்," என்று பெர்ப்பேத்துவா ஒரு காலைச் சேற்றில் வைத்துவிட்டாள். பிறகு வைத்த காலை எடுக்காமல் மெல்லத் திரும்பினாள். ஒத்திலியா தோணியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நீயா கூப்பிட்ட?"

ஒத்திலியா இல்லையென்று தலையசைத்தாள். கை தொண்டையில் இருந்தது. காட்டுக்குள் அவள் சிரிப்பு கேட்டது. அவளுடையதேதான், மூக்கால் முடியும் அந்தச் சிரிப்பு.

பெண்கள் அவளை ஒதுக்கவில்லை. ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். காட்டுக்குள் ஒத்திலியா வாய் திறக்கக் கூடாது. ஒரு தகரக் குவளையைத் தட்டுவாள். குவளை கேட்டால் அவள், குரல் கேட்டால் அவள் இல்லை. யாரும் அந்தப் பக்கம் போவதில்லை, பதிலும் சொல்வதில்லை.

சில வற்றங்களில் அந்தக் குரல் பெண்களை விட்டுவிட்டு எவரிஸ்தோவைக் கூப்பிடுகிறது, சாப்பிட வா என்று, வீட்டுப் படியில் நின்று கூப்பிடுவதுபோல. அப்போது மட்டும் ஒத்திலியாவின் கை சேற்றுக்குள் அப்படியே நின்றுவிடும். குவளையும் கேட்காது. மற்றவர்கள் வேலையை நிறுத்தி, குவளை மறுபடி கேட்கும்வரை காத்திருப்பார்கள்.