பூஜையில் உட்கார்ந்த கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரர் ஈரண்ணா நல்ல மனுஷர்தான். ஆனால் பிடித்தால் உடும்புப் பிடி. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பிடியோடு மல்லுக்கட்டியே என் தொண்டை கெட்டுப்போனது. விஜயதசமியன்று மத்தியானமும் அப்படித்தான் ஆரம்பித்தது.

தார்வாடு சப்தாபூரில் எங்கள் டைப்பிங் கடை. பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆய்வேடுகளை அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. அன்றைக்குக் கடை விடுமுறை. கதவைப் பாதி திறந்துவைத்து நான் பெருக்கிக்கொண்டிருந்தபோது நீலம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் ஒரு கட்டுத் தாள்.

“அக்கா, மிஷினைப் போடுங்க. இன்னிக்குக் காலைலதான் கைடு திருத்திக் கொடுத்தார். ரெண்டு மாசமா மேசைமேலயே போட்டுவெச்சிருந்தார், பாவி மனுஷன். நாளைக்குக் கடைசி நாள்!”

நீலம்மா பதினோரு வருஷமாகக் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேடுகூடக் கொடுக்காதவர்களை இந்த வருஷத்தோடு நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். நாளைக்குப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் போகும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவுக்கும் அவளுக்கும் அந்தச் சம்பளத்தில்தான் சோறு. ஆய்வேடு முழுக்க எங்கள் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அவளிடமிருந்த பென் டிரைவில் பழைய அத்தியாயங்கள் மட்டும்தான்.

“பைண்டிங்காரர் விளக்கு வைக்கிறதுக்குள்ள தாள் வந்தா ராத்திரியே முடிச்சுத் தரேன்னார்க்கா.”

“உக்காரு, இதோ ஆச்சு” என்று நான் விளக்குமாற்றைப் போட்டேன்.

“எது ஆச்சு?” என்று உள்ளேயிருந்து வந்தார் ஈரண்ணா. “நேத்து கண்டே பூஜை போட்டு உக்கார வெச்சது. சாயங்காலம் வன்னி இலை மாத்திக்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது.”

உண்மைதான். எங்கள் பக்கத்து ஆயுத பூஜைதான் கண்டே பூஜை. அரிவாளிலிருந்து அரவை மிஷின் வரை எல்லாமே இரண்டு நாள் பூஜையில் உட்கார்ந்திருக்கும், தசமி சாயங்காலம் ஒருவருக்கொருவர் வன்னி இலை கொடுத்து வாங்கிய பிறகுதான் எழுந்திருக்கும். எங்கள் கடையில் கம்ப்யூட்டர், பிரிண்டர், அம்மன் படத்துக்கு முன்னால் வைத்த கத்தரிக்கோல், ஸ்க்ரூடிரைவர், எல்லாவற்றுக்கும் பூ. கம்ப்யூட்டர் பெட்டிக்கு மட்டும் கூடுதல் கவனிப்பு. சாமந்தி மாலை, எலுமிச்சம்பழம், நெற்றி நிறைய மூன்று பட்டை விபூதி.

“வன்னி மாத்தி, அப்புறம் அடிச்சு, அப்புறம் பிரிண்ட் எடுத்து... எப்ப பைண்டிங் ஆகும்? கொஞ்சம் யோசிங்க!”

“வேற கடைல போய் எடுக்கட்டும்.”

“எந்தக் கடைல? இந்தத் தெருவே பூஜைல உக்காந்திருக்கு! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்னு உங்களை மாதிரி ஆளைப் பாத்துத்தான் சொல்லியிருக்காங்க.”

அவர் பதில் சொல்வதற்குள் மாலையை ஒதுக்கி, ஸ்விட்சைப் போட்டு, பெட்டியின் பட்டனை அழுத்திவிட்டேன். விசிறி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. நீலம்மா கைகூப்பினாள். திரையில் எழுத்து வருவதற்குள் பொசுக்கென்று அணைந்தது.

மறுபடி அழுத்தினேன். சுற்றியது, அணைந்தது. இன்னொரு தரம். அதே கதை. அப்புறம் சுற்றவே இல்லை.

ஈரண்ணா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. உள்ளுக்குள் பயமும் வந்துவிட்டது, பொய் சொல்வானேன். தாயே, தப்பு நான் செய்தது, இந்தப் பெண் வயிற்றில் அடித்துவிடாதே என்று வேண்டிக்கொண்டே ரிப்பேர் பார்க்கும் மக்தூமுக்குப் போன் போட்டேன். அவன் ஹூப்ளியில் மாமியார் வீட்டு விருந்தில் இருந்தான்.

“பதறாதீங்கக்கா. யு.பி.எஸ்.ஸை விட்டுட்டுச் சுவர்ல நேரா சொருகுங்க.”

சொருகினேன். கொஞ்சம் சுற்றி அணைந்தது.

“சரி, பெட்டியைத் திறங்க. உள்ள இருக்கிற மெமரி அட்டையை, அதான் ராமை, கழட்டி, ரப்பரால தேச்சுத் திரும்பப் போடுங்க.”

“ஸ்க்ரூடிரைவர் அம்மன் படத்துக்கு முன்னால இருக்குடா.”

“எடுங்க.”

ஈரண்ணா படத்துக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எடுத்துப் பார், என்று அர்த்தம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நாணயத்தின் விளிம்பால் திருகாணியைத் திருகினேன். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். ஆணி வழுக்கியது, நகம் பிய்ந்தது. நீலம்மா வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

“கொஞ்சம் ஒரு இடத்துல நில்லேன்டி! எனக்குத் தலை சுத்துது.”

“நின்னா அழுதுடுவேன்க்கா.”

ராமை எடுத்துத் தேய்த்துப் போட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன். சுற்றியது, அணைந்தது.

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்றான் மக்தூம். “முன்பக்கப் பட்டன்லேருந்து உள்ள ஒரு சின்ன ஒயர் வரும். அதைப் பிடுங்கிட்டு, அது சொருகியிருந்த ரெண்டு ஊசியையும் ஸ்க்ரூடிரைவர் முனையால ஒரு தடவை சேர்த்துத் தொடுங்க. நாணயம் வேணாம், வேற ஊசில பட்டுத் தொலைக்கும்.”

நான் ஈரண்ணாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“கல்லு மனசுக்காரரே! ஒரு பொம்பளை பிழைப்பு போகுது. உங்களுக்கு ஸ்க்ரூடிரைவர் பெருசாப் போச்சா?”

நீலம்மா நடப்பதை நிறுத்தினாள்.

“விடுங்கக்கா. அண்ணாவைத் திட்டாதீங்க. அவர் வீட்டுச் சம்பிரதாயம், அவர் பாக்கறார். பதினோரு வருஷம் பாடம் நடத்தினேன். யார் வீட்டுலயாவது சமையல் வேலை கிடைக்காமலா போயிடும்?”

குரலில் கோபமே இல்லை. தாள்களைப் பைக்குள் வைத்தாள். போகிற போக்கில், வயிறு திறந்து கிடந்த அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கோவிலை விட்டுக் கிளம்புகிறவள் மாதிரி செருப்பைத் தேடினாள்.

ஈரண்ணா எழுந்தார். படத்துக்கு முன்னால் குனிந்தார். நிமிர்ந்தபோது கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. அதில் சுற்றியிருந்த பூவைக் கழற்றி அம்மன் காலடியில் வைத்தார்.

“எங்க தொடணும்னு அவனைக் கேளு” என்றார்.

தொட்டார். விசிறி சுற்றியது. அணையப்போகிறது, இதோ அணையப்போகிறது என்று மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அணையவில்லை. திரையில் எழுத்து வந்தது.

போனில் மக்தூம் சிரித்தான். “மிஷினுக்கு ஒண்ணுமே இல்லக்கா. பட்டன்தான் அழுத்தினபடியே மாட்டிக்குது. விரலை எடுக்கலைன்னு நினைச்சு அதுவா அணைஞ்சிருக்கு. அதுல என்னத்தப் பூசினீங்க?”

குனிந்து பார்த்தேன். தண்ணீரில் குழைத்துப் பூசிய விபூதி, பட்டனைச் சுற்றி இறங்கிச் சுண்ணாம்பாய்க் காய்ந்து இறுகியிருந்தது. ஈரண்ணாவின் முகம் அந்த விபூதியைவிட வெளுத்துப்போனது.

“பக்தி முத்தினா இப்படித்தான்” என்றேன். அதற்குமேல் சொல்ல நிறைய இருந்தது, நேரம்தான் இல்லை.

நீலம்மா படிக்கப் படிக்க நான் திருத்தங்களை அடித்தேன். மின்சாரம் போய்விடக் கூடாதே என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் சேமித்துக்கொண்டே போனேன். யாரும் சாப்பிடவில்லை. வெயில் தெருவின் அந்தப் பக்கம் ஏறியபோது பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. ஈரண்ணா பக்கத்திலேயே நின்று, சுடச்சுட வரும் தாள்களை அடுக்கினார்.

அப்போதுதான் பக்கத்து ஜெராக்ஸ் கடை சிவபுத்ரப்பா, புது வேட்டியும் கை நிறைய வன்னி இலையுமாக வந்தார். ஊரில் பாதிப் பேருக்குச் சேதி சொல்லும் வாய் அது. ஓடுகிற பிரிண்டரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்னப்பா ஈரண்ணா! ஊருக்கெல்லாம் சாஸ்திரம் சொல்ற ஆளு நீ. பூஜைல உக்கார வெச்சதை எழுப்பிட்டியே! பொண்டாட்டி மிரட்டினாளா?”

நான் வாயைத் திறந்தேன். ஈரண்ணா முந்திக்கொண்டார்.

“அவ இல்ல. உக்கார வெச்சதும் நான், எழுப்பினதும் நான். பாவம்னு ஒண்ணு வந்தா என் வாசலுக்கே வரட்டும். அடுத்த வாரம் காலேஜ் திறந்தா இந்தப் பிள்ளை பாடம் எடுக்கப் போகணும்.”

நீலம்மா தாள்கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. பிரிண்டரில் தாள் தீர்ந்துவிட்டது. ஈரண்ணா புதுக் கட்டைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.