மேடு ஏறும்போது மட்டும் வரும் பல்வலி

முப்பத்தொரு வருடம் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள் அவள். ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும், முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்கும் பழக்கம் விடவில்லை. கணவர் உட்பட எல்லோருக்கும் அவள் ‘செக்கரம்மா’தான்.

மாடியில் கணவரின் தங்கை குடியிருந்தாள். அறுபது வயது, தையல் வேலை. அண்ணியும் நாத்தனாருமாக எட்டு வருடமாகத் தினமும் காலையில் நான்கு கிலோமீட்டர் ஓடுகிறார்கள். “இந்த வயசுல யார் துரத்துறாங்கன்னு ஓடுறீங்க?” என்பார் கணவர். இருவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி ஒரு மேடு வரும். மூன்று வாரமாக, அங்கே வந்ததும் நாத்தனார் ஷூ கயிறு கட்டக் குனிந்தாள். ஒருநாள் செக்கரம்மா உற்றுப் பார்த்தாள். முடிச்சு அவிழவே இல்லை. நாத்தனார் அதைத் தானே அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

அன்றிலிருந்து செக்கரம்மாவுக்கு நிம்மதி போயிற்று. மேட்டுக்கு எதிரே சைக்கிள் கடை. கடைக்காரர் மனைவியை இழந்தவர். ‘அப்படியும் இருக்குமோ?’ இரண்டு நாள் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். நாத்தனார் கடைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. குனிந்தபடி தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

ரவிக்கை வாங்கும் சாக்கில் மாடிக்குப் போனபோது, தையல் மெஷின்மேல் பல் மருத்துவரின் சீட்டு கிடந்தது.

“எங்ககிட்ட சொல்லாம எதுக்குடி பல் டாக்டர்கிட்ட போன?”

“சும்மா, ஒரு பல் வலி அண்ணி.”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்காம்.”

“அப்புறம் எப்படி வலிக்கும்? எப்பெப்ப வலிக்குது?”

நாத்தனார் துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். “மேடு ஏறும்போது. மாடிப்படி ஏறும்போதும். நின்னா போயிடுது.”

“படி ஏறினா வலிக்கிற பல்லை நான் கேள்விப்பட்டதே இல்ல. இன்னும் என்னென்ன மறைக்கிற?”

“முதுகு இழுக்குது. ரெண்டு ரவிக்கை தைக்கறதுக்குள்ள அசந்து போயிடறேன். சொன்னா அண்ணன் ஓட விடமாட்டாரு. அதான்...” அவள் கண்கள் கலங்கின.

திட்ட வாயெடுத்த செக்கரம்மா அவளுடைய செருப்பை எடுத்து முன்னால் போட்டாள். பதினைந்தே நிமிடத்தில் இருவரும் மருத்துவமனைக்குக் கிளம்பினார்கள்.

இளம் டாக்டர் இசிஜியைப் பார்த்துச் சிரித்தார். “நார்மல்தான்மா. தினமும் ஓடுறவங்களுக்கு ஹார்ட்ல என்ன வரப்போகுது? கேஸா இருக்கும்.”

அந்தச் சிரிப்பு செக்கரம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “படுக்க வச்சு எடுத்தீங்க. படுத்திருக்கும்போது இவளுக்கு வலிக்கறதே இல்லையே டாக்டர்? இவங்க அம்மா அம்பத்தெட்டு வயசுல மாரடைப்புலதான் போனாங்க. அதை நீங்க கேக்கவே இல்ல.”

டாக்டரின் சிரிப்பு நின்றது. இதய மருத்துவருக்குச் சீட்டு எழுதினார்.

மறுநாள் டிரெட்மில்லில் நடக்க வைத்தார்கள். நாலாவது நிமிடத்தில் நாத்தனார் தாடையைப் பிடித்தாள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த இதய மருத்துவர் உடனே மெஷினை நிறுத்தச் சொன்னார். ஆஞ்சியோவில், பெரிய ரத்தக்குழாய் ஒன்று முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருப்பது தெரிந்தது. உடனே ஸ்டென்ட் வைத்தார்கள்.

“ஓடுற எனக்கு ஏன் டாக்டர் வந்துச்சு?” என்று கட்டிலில் கிடந்தபடி கேட்டாள் நாத்தனார்.

“ஓடுறது நல்லதுதான். ஆனா ஓடுறவங்களுக்கு வராதுன்னு இல்ல. மாதவிடாய் நின்னபிறகு பொம்பளைங்களுக்கு ஆபத்து கூடும். நெஞ்சுதான் வலிக்கணும்னும் இல்ல. தாடை, முதுகு, மூச்சு, அசதி, எதுலயும் காட்டலாம். ஓடினதாலதான் உங்களுக்குச் சீக்கிரமே காட்டிக்கொடுத்திருக்கு.” செக்கரம்மா பக்கம் திரும்பினார். “நீங்க கடைசியா எப்ப பிரஷர் பாத்தீங்க?”

“எனக்கென்ன? நல்லாத்தானே இருக்கேன்.”

நாத்தனார் மெதுவாகத் தலையைத் தூக்கினாள். “நானும் அதையேதான் சொல்லிட்டிருந்தேன் அண்ணி.”

நர்ஸ் செக்கரம்மாவின் கையில் பட்டையைச் சுற்றினாள். நூற்று அறுபத்தெட்டு. மெஷின்மேல் சந்தேகப்பட்டு செக்கரம்மா வேறொன்றைக் கேட்டாள். நூற்று எழுபது. அடுத்த வாரம் வந்து பார்த்தபோதும் இறங்கவில்லை.

மாத்திரை தொடங்கியது. தினமும் காலையில் கணவர் தண்ணீரோடு வந்து, அவள் விழுங்கிவிட்டாளா என்று பார்த்தபிறகே நகர்ந்தார்.