தொட்டியில் ஒரு மூத்தாள்

வைத்தியலிங்கம் காதைத் தீட்டிக்கொண்டான். தெருக்குழாய்த் தண்ணீர் குடத்துக்குள் விழும் சத்தம் இன்னும் கனமாகத்தான் கேட்டது. குடம் நிறைய நேரம் இருக்கிறது. அரிவாளை ஓங்கினான்.

சதக்.

தலை தனியாகத் துள்ளி முற்றத்துச் செங்கல்லில் விழுந்தது. இரண்டு பச்சை இலை, நடுவே பீடி மாதிரி சுருண்ட ஒரு குருத்து. அள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, அரிவாளை முதுகுக்குப் பின்னால் மறைக்கவும் அன்னபூரணி குடத்தோடு உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"என்னங்க, இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"ஒரு பெரிய ரேடியோவைத் தூக்கினேன். செம கனம்."

அவள் பார்வை தொட்டிக்குப் போனது. "மறுபடியும் ஆடு கடிச்சிருச்சா?"

"அந்தக் கருப்பு ஆடுதான்."

"கத்தி வச்சு நறுக்குனாப்புல நேரா கடிக்குது. நல்ல பல்லு."

சிரிக்காமல் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். வைத்தியலிங்கம் அரிவாளை விறகுக்குள் செருகினான். அவன் வெட்டியது வாழைக்கன்றை அல்ல. தன் முதல் மனைவியை. அதுவும் நான்காவது தடவையாக.

காரைக்கால் மாதா கோயில் தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவன் அவன். இலங்கை ஸ்டேஷன் கொஞ்சம் கரகரத்தாலும் ஊர் அவனைத்தான் தேடி வரும். கல்யாணம் மட்டும் முப்பத்தாறு வயதுவரை தேடி வரவில்லை. ஜாதகத்தில் களத்திர தோஷம். முதல் தாரம் தங்காது என்று சொல்லிவிட்டார் ஜோசியர். பரிகாரமும் அவரே சொன்னார். ஒரு வாழைக்குத் தாலி கட்டி மூத்தாளாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு தன் கையாலேயே வெட்டிச் சாய்த்துவிட வேண்டும். அப்புறம் வருகிறவள் இரண்டாம் தாரம், அவளுக்கு ஆயுசு கெட்டி.

"பொண்ணு வீட்டுக்கு மூச்சு விட்டே, தொலைஞ்சே" என்று அக்கா கனகாம்பாள் விரலை ஆட்டினாள்.

குடியிருந்ததோ மதாம் ஒதெத் வீட்டுப் பின்கட்டு. முற்றம் முழுக்கச் செங்கல், வாழை வைக்க ஒரு சாண் மண் கிடையாது. அதனால்தான் தள்ளுவண்டியில் பூச்செடி விற்றவனிடம் தொட்டியோடு ஒரு கன்று வாங்கினான். வெள்ளிக்கிழமை காலை, அக்கா சாட்சியாக, மூன்று முடிச்சு. ஒரே வெட்டு. அக்கா மஞ்சள் கயிற்றைத் தொட்டி மண்ணுக்குள் அமுக்கினாள்.

"முடிஞ்சிச்சுடா தம்பி. மூத்தவ போய்ச் சேர்ந்துட்டா."

மறுநாள் காலையில் பார்த்தால், வெட்டிய இடத்தின் நட்டநடுவில் விரல் நீளத்துக்குப் புதுக்குருத்து நிமிர்ந்து நின்றது.

பிடுங்கிப் பார்த்தான். கிழங்கு மண்ணை விடவில்லை. செடியோடு தொட்டியும் மேலே வந்தது. மூத்தாளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "வை கீழே. தானா காஞ்சிடும்."

காயவில்லை. அதற்குள் அம்பகரத்தூரில் கல்யாணம் முடிந்தது. மறுவீட்டு விருந்தில் மாமியார் வாழைப்பூ வடை சுட்டுப் போட்டார். நான்கு தின்றுவிட்டு வைத்தியலிங்கம் ஐந்தாவது கேட்டபோது மாமனாருக்கு ஏனோ புரை ஏறியது. இருமிக்கொண்டே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். புது மாப்பிள்ளை இவ்வளவு தின்னக்கூடாதோ என்று இவனுக்குக் கூச்சமாகிவிட்டது.

அன்னபூரணி புகுந்த வீட்டில் முதலில் கேட்ட கேள்வியே தொட்டியைப் பற்றித்தான். "இதுக்கு யாருங்க கிணத்துத் தண்ணி ஊத்துறது? உப்புக் கரிக்குது, இலை ஓரமெல்லாம் கருகியிருக்கு."

அன்றிலிருந்து ஆரம்பித்தது வினை. தொட்டியைச் சாய்த்து, அடியில் அடைத்திருந்த ஓட்டையைக் குச்சியால் குத்தித் திறந்தாள். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடுமாம். அழுகட்டுமே என்று அவன் சொல்லவா முடியும்? மேல்மண்ணைக் கிளறிச் சாணி எருவும் அடுப்புச் சாம்பலும் போட்டாள். கடல்காற்று இலையைக் கிழிக்கும் என்று சுவர் மூலைக்கு நகர்த்தினாள். மீன்காரி மாரிக்கண்ணுவிடம் சொல்லி வைத்து, மீன் கழுவிய தண்ணீரைத் தண்டில் படாமல் சுற்றி ஊற்றினாள். இவன் வெட்ட, அவள் வளர்க்க, மூத்தாள் ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னைவிடத் தடித்துக்கொண்டே போனாள்.

இந்த லட்சணத்தில்தான், நான்காம் வெட்டு வாங்கிய குருத்து மறுபடி இலை விரித்த அன்று, மதாம் ஒதெத் கைத்தடியோடு முற்றத்துக்கு வந்தார். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்தவர், போய்ச் சேர்ந்துவிட்டார். பென்ஷன் மாதாமாதம் வருகிறது, அபிப்பிராயம் தினமும் வரும்.

"முசியே, இது வாழையே இல்ல."

வைத்தியலிங்கம் தொட்டியருகே ஓடி வந்தான். "என்ன மதாம் சொல்றீங்க?"

"கல்வாழை. செவப்பா பூக்கும், ஒரு காய் காய்க்காது. சின்னதுல ரெண்டுக்கும் இலை ஒரே சாடை. சைகோன்ல நான் பாக்காத வாழையா? பூச்செடிக்காரன் உங்களை ஏமாத்திட்டான்."

"இல்லீங்க மதாம், வாழைதான்" என்றாள் அன்னபூரணி.

"நீ சைகோன் போயிருக்கியா?"

"அம்பகரத்தூர்ல இருந்து வந்திருக்கேன்."

இரண்டு பேரும் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, வைத்தியலிங்கத்தின் மூளைக்குள் பல்பு பல்பாக வெடித்தது. இது வாழை என்றால் மூத்தாள் இன்னும் சாகவில்லை. கல்வாழை என்றால் மூத்தாள் என்று ஒருத்தி இருக்கவே இல்லை. அப்படியானால் முதல் தாரம்? இதோ, குனிந்து சாம்பல் தூவிக்கொண்டிருக்கிறாளே, இவள்தான். ஏமாந்தால் போகப்போவது இவள் உயிர்.

அன்று மாலை கடையைச் சீக்கிரமே கட்டிவிட்டு வந்தான். அன்னபூரணி கிணற்றடியில் அவனுடைய வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். மடிப்பக்கம் முழுக்கப் பழுப்புப் பழுப்பாகத் தெறித்திருந்தது.

"சவுக்காரம் போட்டாச்சு, எலுமிச்சம்பழமும் தேச்சாச்சு. போகல."

"டீ கொட்டிடுச்சு."

"டீக்கறை போயிடுங்க. இது வாழைக்கறை. கல்வாழைக்கு இப்படிக் கறை கிடையாது. மதாம்கிட்ட காட்டலாம்தான், வேட்டி யாருதுன்னு கேப்பாங்களேன்னு பாத்தேன்." நிறுத்திவிட்டு அவனை நேராகப் பார்த்தாள். "ஆடு உங்க வேட்டியைக் கட்டிக்கிட்டா வந்திச்சு?"

வைத்தியலிங்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டான். தோஷம், தாலி, வெட்டு, மறுபடி குருத்து, மறுபடி வெட்டு. எல்லாவற்றையும் கொட்டினான். "உனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னுதான் அன்னம். உன்னைக் கண்ணுல பாக்குறதுக்கு முந்தி ஒரு தடவைதான் வெட்டினேன். பாத்த பொறவு மூணு தடவை."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மண் ஒட்டிய மஞ்சள் கயிறு.

"முதல் நாள் மண்ணைக் கிளறினப்பவே கையில வந்திச்சு."

"தெரிஞ்சேவா எரு போட்டே?"

"பின்னே? நாலு வெட்டு வாங்கியும் நிக்கிறவளைப் பட்டினி போடச் சொல்றீங்களா?" அவளுக்கு முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. "தலையை வெட்டினா வாழை சாகாதுங்க. உசுரு கிழங்குல இருக்கு. எங்க அப்பாவும் இப்படித்தான், அஞ்சு தடவை வெட்டிப் பாத்தாரு."

"உங்க அப்பாவா? அவரு என்னத்துக்கு வெட்டினாரு?"

"என்னத்துக்கா? எனக்கு மட்டும் ஜாதகம் இல்லையாக்கும். அதே தோஷம். அதே ஜோசியரோ என்னமோ. கொல்லையில நின்ன கன்னு எனக்குத் தாலி கட்டிச்சு. கட்டின கையோட அப்பா வெட்டினாரு."

வைத்தியலிங்கம் கல்லை விட்டு எழுந்தான். அவளுக்கு ஒரு மூத்தவன்.

"அப்புறம்? கடைசியில எப்படித்தான் செத்துச்சு?"

"யாரு செத்தா?" அவள் வேட்டியை உதறிக் கொடியில் போட்டாள். "அலுத்துப்போயி அப்பா விட்டுட்டாரு. ஜம்முனு வளந்து, நம்ம கல்யாணத்தன்னிக்குத்தான் குலை தள்ளிச்சு. மறுவீட்டுல நாலு வடை தின்னுட்டு அஞ்சாவது கேட்டீங்களே, அந்தப் பூ எந்த மரத்துதுன்னு நெனைச்சீங்க?"