எண்ணூறு பேருக்கு ஒரு மெயில்

காலையில் வந்த போன் நம்ம ஆளைத் தலைகால் புரியாமல் ஆக்கிவிட்டது. உலகம் பூராவும் கிளை வைத்திருக்கிற பெரிய கம்பெனி. ஐந்து சுற்று இன்டர்வியூ முடித்து, "செலக்ட் ஆயிட்டீங்க, மத்தியானத்துக்குள்ள ஆர்டர் வந்துடும்" என்றார்கள். "கையில காகிதம் வரட்டும், அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க" என்று மனைவி படித்துப் படித்துச் சொன்னாள். அவள் வேலையை விட்டுவிட்டு மேல்படிப்பு படிக்கிறாள். இன்னும் ஒரு வருஷத்துக்கு இவன் சம்பளத்தில்தான் வீடு ஓடியாக வேண்டும்.

கேட்டானா? வாயைத் திறக்கவில்லைதான், மெயிலைத் திறந்துவிட்டான். இவன் ஆபீஸில் போனை வாசல் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், சாப்பாட்டு நேரத்தில்தான் எடுக்கலாம். அதுவரை சும்மா இருக்க முடியாமல், ஆறு வருஷத்து எரிச்சலையெல்லாம் கொட்டி ஒரு பிரிவு மடல் எழுதினான். மேனேஜரைக் கிழி கிழி என்று கிழித்தான். "என் இன்டர்வியூ விஷயத்தைப் போட்டுக்கொடுத்த சல்லடைக்கும் ஒரு கும்பிடு" என்று கடைசியில் ஒரு வரி. ஆபீஸில் இருக்கிற எண்ணூறு பேருக்கும் அனுப்பிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாப்பிடப் போனான். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

லாக்கரிலிருந்து போனை எடுத்தான். பெரிய கம்பெனியிலிருந்து நாலே வரி. இந்த வருஷம் புதிதாக ஆள் எடுப்பதை இன்று காலையோடு நிறுத்திவிட்டார்களாம், வருந்துகிறார்களாம்.

சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினான். எதிரே வந்தவர்கள் எப்போதும் போலத் தலையாட்டினார்கள். ஒருத்தர்கூட ஒரு மாதிரி பார்க்கவில்லை. அப்போதுதான் உறைத்தது, இந்தத் திங்கள்கிழமை வந்த புது விதிப்படி, ஐம்பது பேருக்கு மேல் போகிற மெயிலெல்லாம் சல்லடையின் அறையில் நிறுத்திவைக்கப்படும்!

சல்லடை என்பது மெயில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிற அம்மாவின் பட்டப்பெயர். வெளியே போகிற மெயிலையெல்லாம் சலித்து, விதியை மீறினவன் பேரை மேலே அனுப்புவது அவள் வேலை. அந்தப் பட்டப்பெயரைப் பரப்பினவர்களில் நம்ம ஆளும் ஒருத்தன்.

"அக்கா" என்றான் கதவருகே நின்று.

"நேத்து வரைக்கும் சல்லடை, இன்னைக்கு அக்காவா? உள்ள வாங்க. படிச்சுட்டேன்."

"அதை அழிச்சுடுங்கக்கா. கால்ல வேணும்னாலும் விழறேன்."

"கால்ல விழுந்தா மட்டும் அழிஞ்சுடுமா? விட்டா எண்ணூறு பேருக்கும் போகும். மறுத்தா மேனேஜருக்கு ஒரு காப்பி தானாப் போகும்." அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அவரைப் பத்தி எழுதினதெல்லாம் உண்மை. என்னைப் பத்தி எழுதினது மட்டும் பொய்."

"இன்டர்வியூ போறீங்களாமேன்னு அவர் கேட்டாரே?"

"அன்னைக்கு நீங்க இஸ்திரி போட்ட சட்டையில வந்தீங்க. ஆபீஸே பேசிச்சு! இங்க இருந்து வெளியில நாலு மெயில் அனுப்பினீங்க, ஞாபகம் இருக்கா? 'விடுமுறைப் பட்டியல்'னு பேரு, உள்ளே உங்க போட்டோ போட்ட பயோடேட்டா. யாரை ஏமாத்தினதா நினைச்சீங்க? நாலையும் மேல சொல்லாம நான்தான் விட்டேன். பெரிய கம்பெனிக்கு உங்க மனு போனதே அப்படித்தான். இப்போ இந்த மெயில் மேல போச்சுன்னா என் பழைய கணக்கையெல்லாம் கிளறுவாங்க. உங்களுக்கு முன்னாடி என் சீட்டுதான் கிழியும்."

இந்த மனுஷியையா ஊர் பூரா வைது திரிந்தோம் என்று நம்ம ஆளை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஒரே ஒரு வழி இருக்கு" என்றாள். "திருத்தத்துக்குத் திருப்பறேன். பதினஞ்சு நிமிஷத்துல வேற எழுதி அதே எண்ணூறு பேருக்கு அனுப்பணும், பழசு அழிஞ்சுடும். அனுப்பலைன்னா பழசு அப்படியே மேனேஜருக்குப் போயிடும். உட்காருங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். திரையின் மூலையில் நிமிஷம் குறைய ஆரம்பித்தது. எண்ணூறு பேருக்கு என்னதான் எழுதுவது? கை ஓடவில்லை. பதினொன்று. பத்து.

கதவைத் தட்டாமலே மேனேஜர் நுழைந்தார்.

"இந்த சீட்டுல நீங்க என்ன பண்றீங்க?"

திரையில் பழைய மெயில், மேனேஜரின் பேரோடு, அப்படியே விரிந்து கிடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றதால் அவர் கண்ணில் படவில்லை. இரண்டடி சுற்றி வந்தால் போதும், எல்லாம் முடிந்தது.

"எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டிருக்கார் சார், சின்னத் திருத்தம்" என்றாள் சல்லடை.

"எல்லாருக்குமா? என்ன விஷயம்? படிங்க."

அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். தன்னைத் திட்டின வரி கண்ணெதிரே இருக்க, குரல் இம்மியும் நடுங்காமல், அங்கே இல்லாத ஒன்றைப் படித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க வந்து ஆறு வருஷம் ஆச்சு. எனக்குத் தெரியாமலே என் கூட நின்னவங்களுக்கு நன்றி. இனிமேலும் இங்கதான் இருப்பேன்."

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே! நான்கூட நீங்க கம்பி நீட்டப் போறீங்கன்னு நினைச்சேன். அனுப்புங்க, என் சீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

நாலு நிமிஷம் பாக்கி. நம்ம ஆள் பழசையெல்லாம் அழித்தான். வணக்கத்தை அடித்தான், ஆறு வருஷத்தை அடித்தான். நன்றி என்ற இடத்தில் கண் கலங்கி எழுத்து மங்கிவிட்டது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு அதையும் முடித்தான்.

"கடைசி வரியை மட்டும் விட்டுடட்டுமாக்கா?"

"நான் படிச்சாச்சு, அவரும் கேட்டாச்சு" என்றாள். "அடிங்க தம்பி."

இனிமேலும் இங்கேதான் இருப்பேன் என்று, ஒவ்வொரு எழுத்தாக, எண்ணூறு பேருக்கும் அடித்தான்.