நீலச் சட்டைக்குள் ஒரு பரங்கிக்காய்

காம்பு காய்ந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. நகத்தால் கீறினாலும் பச்சை தெரியவில்லை. பரங்கிக்காய் பறிக்கத் தயார் என்று அர்த்தம். ஆனாலும் தமிழ்செல்வி பறிக்கவில்லை. ஜூஜுவாடியில் அந்த லைன் வீட்டுக் கொல்லையில், கம்பிப் பந்தலின் நடுவே, ஒரு நீலச் சட்டைக்குள் உட்கார்ந்தபடி காய் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் கங்கப்பன் நல்ல மனுஷர்தான். கொல்லையில் இன்னும் இரண்டு அறை கட்ட ஜல்லியும் மணலும் இறக்கி வைத்திருந்தார். "காய் இருக்கற வரைக்கும் பாத்தி மேல கை வெக்கமாட்டேன்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, இப்போது தினமும் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, காம்பு கட்டையாட்டம் ஆகிப்போச்சு. மழை வேற விடாம பேயுது. உனக்குச் சங்கடமா இருந்தா சொல்லு, நானே பறிச்சு வெட்டியும் குடுத்துடறேன்."

"இருக்கட்டும்ண்ணே. நாலு நாள் போகட்டும்" என்பாள் தமிழ்செல்வி. அந்த நாலு நாள் முடிகிற வழியைக் காணோம்.

பாத்தி கட்டியவன் அவள் புருஷன் மாதவன். சாத்தூரிலிருந்து வந்து இருபத்திரண்டு வருஷம் சிப்காட்டில் மெஷின் ஓட்டியவன். கொல்லையில் கடப்பாரை போட்டால் செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும்தான் வந்தன. அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவன்? கம்பெனியில் கழித்துப்போட்ட பலகைகளைக் கொண்டுவந்து, முழங்கால் உயரத்துக்குப் பெட்டி மாதிரி அடித்து, தளிப் பக்கமிருந்து செம்மண்ணும் எருவும் வரவழைத்து நிரப்பினான். ஆறடிப் பாத்தியில் கொடி எங்கே படரும்? சுவரோரம் இரண்டு குழாயை நட்டு, கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டி, கொடியை மேலே ஏற்றிவிட்டான். காலையில் கம்பெனி பஸ் வருவதற்குள் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தேய்ப்பான். "இந்தப் புகையில தேனீ எங்கிட்டு வரும்? நாமதான் கல்யாணம் பண்ணி வைக்கணும்" என்று சிரிப்பான். விட்ட பிஞ்செல்லாம் வெம்பி உதிர்ந்து, ஒன்றே ஒன்று நின்றது.

அது தேங்காய் அளவு ஆன அன்று, ஷிஃப்ட் முடிந்து வந்தவன், போட்டிருந்த சட்டையைக் கழற்றி, அதன் இரண்டு கைகளையும் மேல் கம்பியில் முடிந்து, கீழ் முனைகளையும் இழுத்துக் கட்டி, பிஞ்சை உள்ளே உட்கார வைத்தான். கனம் ஏறினால் காம்பு தாங்காதாம். தமிழ்செல்விக்கு வந்ததே கோபம்!

"துவைக்காத சட்டைதான் கெடச்சுச்சாக்கும்? கிரீஸ் நாத்தம் கொடலப் புடுங்குது. கேட்டா ஒரு பழைய சேலையக் கிழிச்சுத் தரமாட்டேனா?"

"காய்க்கு என்ன மூக்கா இருக்கு? பேசாம இரு. இத வெட்டப்போறது நான்தான். நீ பாட்டுக்கு அருவாளத் தூக்கிட்டு வந்துறாத."

முழுப் பரங்கிக்காயில் முதல் வெட்டு ஆம்பளை கைதான் போட வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

சட்டை கட்டிய ஒன்பதாம் நாள், கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஜன்னலில் தலை சாய்த்தவன் எழுந்திருக்கவில்லை. பக்கத்து சீட்டு ஆனந்தராஜ், தூங்குகிறான் என்றே நினைத்து, இறங்குகிற இடம் வந்ததும் தோளைத் தட்டியிருக்கிறான்.

கருமாதி முடிந்த கையோடு மாதவனின் அக்கா ராஜலட்சுமி பீரோவைத் திறந்தாள். "போனவன் துணி வீட்ல இருக்கப்படாது" என்று வேட்டி, சட்டை, துண்டு, பனியன் வரைக்கும் மூட்டை கட்டி அனுப்பிவிட்டாள். தடுக்கத் தெம்பில்லாமல் தமிழ்செல்வி பார்த்துக்கொண்டே இருந்தாள். கொல்லையில் இலை மறைவில் தொங்கிய சட்டை மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. அதன்பிறகு தினமும் சாயங்காலம் அங்கே போய், காலரில் முகம் வைத்து நிற்பாள். கிரீஸும் வியர்வையுமாக அவன் அங்கேயே இருந்தான். அவன் போட்ட முடிச்சை அவிழ்க்க அவளுக்கு எப்படி மனசு வரும்?

கார்த்திகை மழை பிடித்ததிலிருந்து அவள் முகம் வைத்துப் பார்க்கவில்லை. பயம்தான், வேறென்ன!

ஞாயிற்றுக்கிழமை, அத்திப்பள்ளியில் வேலை பார்க்கும் மகள் பிரவீனா வீட்டில் இருந்தாள். காயின் அடியில் கைவிட்டு அழுத்திப் பார்த்தவளுக்கு விரல் உள்ளே போனது.

"அம்மா, ஈரத்துணியில அழுகுதும்மா! அப்பா ஒவ்வொரு பூவாத் தேய்ச்சு வந்த காய். குப்பையிலயா போடப் போற?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. மகள் நீட்டிய கத்தரிக்கோலைத் தள்ளிவிட்டு, ஊறி இறுகிப்போன முடிச்சுகளைப் பல்லால் கடித்து இளக்கினாள் தமிழ்செல்வி. காயைப் பிரவீனா ஏந்திக்கொண்டாள். சட்டை கைக்கு வந்ததும் தமிழ்செல்வி அதை முகத்தில் அழுத்தி மூச்சை இழுத்தாள். காலரில் பார்த்தாள், அக்குளில் பார்த்தாள். மழைத்தண்ணீரும் இலையும் மண்ணும்தான் மணத்தன.

"போயிருச்சுடி. அவரு வாசம் போயிருச்சு."

பிரவீனா காயைக் கொல்லைப் படியில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "கங்கப்பன் மாமாவக் கூப்பிடட்டா? அவரு வெட்டித் தருவாரும்மா."

"ஒருத்தரும் வேணாம்."

தமிழ்செல்வி சட்டையை உதறி, சேலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். மாதவன் மடிக்கிற மாதிரியே கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள். அருவாளை எடுத்தாள்.

"தள்ளி நில்லு. உங்கப்பாதான் வெட்டுறாரு."

முதல் வெட்டு பாதியில் சிக்கிக்கொண்டது. இரண்டாவதில் பிளந்தது. உள்ளே நல்ல மஞ்சள் சதை, விதைகள் தடித்திருந்தன. அடியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. மூன்று வாரம் முன்னால் பறித்திருந்தால் அதுவும் இருந்திருக்காது.

"சட்டையக் கழட்டும்மா, ஈரம் ஒத்துக்காது. துவைச்சுக் காயப் போடறேன்" என்றாள் பிரவீனா.

தமிழ்செல்வி சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"துவைக்காத சட்டைன்னு அன்னைக்கு அவரத் திட்டுனேன்டி. நாத்தம்னு சொன்னேன்டி, பாவி."

வெட்டிய காயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படியிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.