முழங்காலில் போணி

1

இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்டது. அம்பத்தூரில் தோள்வலிக்காகப் பிசியோதெரபிக் கட்டிலில் படுத்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தன் முழங்கால் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கதை குரலாகத்தான் வரும். இந்த வயதில் முகங்களை வர்ணிக்கப் பொறுமையும் இல்லை. சகாயமேரி என்று நானே பெயர் வைத்தேன். காதில் விழாத இடங்களையும் நானே கட்டினேன்.

முதல் தொடக்கம்: “ஆவடியில் மழை பெய்த ஒரு காலையில், வலது முழங்காலைத் தடவியபடி சகாயமேரி...”

வேண்டாம். ஏற்கெனவே நிறையக் கதைகளில் மழை பெய்தாகிவிட்டது.

2

[உங்களுக்கு ஒரு விவரம். ஆவடி குவார்ட்டர்ஸில் யார் புதுக்கடை போட்டாலும் சகாயமேரிதான் போணி செய்ய வேண்டும். இட்லிக்கடை, இஸ்திரி வண்டி, செல்போன் ரிப்பேர் எல்லாமே அவள் கைராசி. எதிர்வீட்டு ஞானம்மாளின் மகன் பிராங்க் எலும்பு டாக்டர். நசரத்பேட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்தவன். சகாயமேரிக்கோ இரண்டு முட்டியும் தேய்ந்து, ஸ்டேஷன் மேம்பாலம் ஏற முடியவில்லை.]

“மேரி, புது ஆஸ்பத்திரில எம்புள்ளைக்கு நீதான் போணி.”

“இன்னா ஞானம், இட்லியா இது? காலுடி!”

“உன் ராசி தெரியாதா எனக்கு? கோயில்ல சொல்லி வச்சிட்டேன்.”

சொன்னது போலவே ஞாயிறு பூசையில், ‘நம் பிராங்கின் கையால் நலம்பெறப் போகும் சகோதரி சகாயமேரிக்காக’ மன்றாடியும் விட்டார்கள். இனி எப்படி மாட்டேன் என்பது?

(டாக்டருக்குக் கைராசி என்கிறோமே, அதில் முக்கால்வாசி பழக்கம். அடிக்கடி மூட்டு மாற்றும் கைகளில் சிக்கல் குறைவு என்றுதான் ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. சரியாக அமையாத மூட்டை மறுபடி திறந்து திருத்துவது முதல் தடவையைவிடக் கடினம். ஆனால் பழகாத கை எங்கே போய்ப் பழகும்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மூன்று நாள் எழுதாமல் இருந்தேன்.)

3

பிராங்கை முதலில் கர்வம் பிடித்தவனாக எழுதினேன். “உங்களுக்கு என்ன தெரியும் ஆன்ட்டி என்று அவன்...” அடித்துவிட்டேன். திரைக்கு அப்பால் கேட்ட குரலில் அவன்மேல் துளிக் கோபமும் இல்லை.

“பிராங்கு, என் மூஞ்சப் பாத்துச் சொல்லு. நீயே தனியா எத்தினி முட்டி மாத்திக்கீற?”

“மூணு, ஆன்ட்டி. பழைய ஆஸ்பத்திரில.”

“மூணு பேரும் நடக்கறாங்களா?”

“ரெண்டு பேர் நல்லா நடக்கறாங்க. ஒருத்தருக்குச் சரியா மடக்க வரல.”

“உங்கம்மா முட்டியா இருந்தா?”

(இங்கே அவன் பக்கத்தில் இருந்த ஞானம்மாளைத் திரும்பிப் பார்த்தான்.)

“எங்க பெரிய டாக்டர் யூசுப் சார்கிட்ட கூட்டினு போவேன். வாரா வாரம் பண்றவரு.”

“அப்ப என்னையும் கூட்டினு போ. நீயும் கூட நின்னு கத்துக்கோ.”

ஞானம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது [இது என் கற்பனை]. “எம்புள்ளைய நம்பல இல்ல நீ?”

“நம்பித்தானே கேட்டேன்? நூறுன்னு புளுகியிருந்தான்னா அப்பவே எழுந்து ஊட்டுக்குப் போயிருப்பேன்.”

4

முடிவு ஒன்று: ஞானம்மாள் அதன் பிறகு அவளோடு பேசவேயில்லை. எழுதிப் பார்த்தேன். இரண்டு வரிக்கு மேல் அவளால் பேசாமல் இருக்க முடியவில்லை.

முடிவு இரண்டு: வலது முட்டியை யூசுப் மாற்றினார், பிராங்க் உதவிக்கு நின்றான். சில மாதம் கழித்து ஞானம்மாளுக்கு ஒரு போன்.

“ஞானம்! எங்கேர்ந்து பேசறேன் சொல்லு!”

“கீழ கடையாண்ட?”

“மேலடி! பாலத்து உச்சில! வலது காலை மொதல்ல வச்சு ஏறிட்டேன். எனக்குக் கீழ ரயில் போவுதுடி!”

இதைச் சொல்லும்போது அவள் போட்ட கூச்சலில் எனக்குத் தோள்வலி மறந்து, நானும் கைதட்டிவிட்டேன். இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் இடது முட்டி இருக்கிறதே!

5

இந்த முறை யாரும் அவளைக் கேட்கவில்லை. பிராங்கிடம் அவளே போனாள். இந்தத் தடவை யூசுப் பக்கத்தில் நிற்பார், கத்தி பிராங்கின் கையில் என்று ஏற்பாடு.

“இப்ப எத்தினி ஆச்சு?”

அவன் சொன்ன எண்ணிக்கையும் என் காதில் தெளிவாக விழுந்தது. எழுத மாட்டேன். எத்தனை என்றால் உங்கள் முழங்காலை நீங்கள் நீட்டுவீர்களோ, அதை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

“............, ஆன்ட்டி.”

“அது போதும் நைனா. தேதி சொல்லு.”